வயல் நீரில் மூழ்கினால் நட்டஈடு யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

காணி சுவீகரிப்புப் பற்றி எமக்கு வந்த கடிதங்களில், நீர்மின் திட்டங்களுக்காக வயலும் தோட்டமும் எடுக்கப்படுவது குறித்த கேள்விகளே அதிகம். எழுதியவர்களுள் பலர் கொழும்பில் வாழ்ந்தாலும் அவர்களுடைய காணியும் உறவும் மலைநாட்டில் இருக்கின்றன. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: கம்பளைக்கு அப்பால் எங்கள் பாட்டனாரின் காணி இருக்கிறது. இரண்டு ஏக்கர் வயலும், அதற்கு மேலே மிளகும் கராம்பும் நின்ற தோட்டமும். நீர்மின் திட்டமொன்றுக்குக் காணி தேவைப்படலாம் என்று மூன்று மொழிகளிலும் எழுதிய அறிவித்தல் ஒன்றைப் பாதையோரத்தில் ஒட்டியிருப்பதாக அங்குள்ள சித்தப்பா சொல்கிறார். நாங்கள் இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது நட்டஈட்டுக் காசோலை வரும்வரை பொறுத்திருக்கலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். சித்தப்பா பார்த்தது, 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி ஒட்டப்படும் முதல் அறிவித்தலாகவே இருக்க வேண்டும். காணி எடுக்கப்பட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இந்தப் பிரதேசத்தில் பொதுத் தேவையொன்றுக்குக் காணி வேண்டியிருக்கிறது, அதற்காக உத்தியோகத்தர்கள் உள்ளே வந்து அளந்து ஆராய்வார்கள் என்பதே அதன் சாரம். அந்தப் பொதுத் தேவை எது என்பதை அறிவித்தலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எமது உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. எனவே சித்தப்பாவிடம் சொல்லி, அறிவித்தலின் வாசகமும் திகதியும் தெளிவாகத் தெரியும்படி கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது 4ஆம் பிரிவின் அறிவித்தல். ஆட்சேபனை தெரிவிக்கச் சட்டம் இடம் தருவது இந்தக் கட்டத்தில்தான்; அதற்குக் குறைந்தது 14 நாட்கள் கொடுக்கப்பட வேண்டும். ஆட்சேபனை என்றவுடன் "எங்கள் காணியைத் தொடாதீர்கள்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வரி எதையும் சாதிப்பதில்லை. நீர்மட்டத்தின் எல்லைக்கோடு உண்மையில் எந்த வரப்புவரை வருகிறது, அணைக்கட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் தேவையான அளவுக்கு மேலாக வேலைத்தள முகாமுக்கும் கல்லுடைக்கும் இடத்துக்கும் நல்ல வயலைக் கேட்கிறார்களா, அவற்றை அருகிலுள்ள தரிசு நிலத்துக்கு மாற்ற முடியுமா என்று குறிப்பாக எழுதுங்கள். இதற்குப் பின் 5ஆம் பிரிவின் கீழான பிரகடனம் வர்த்தமானியில் வெளிவந்துவிட்டால், காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்பதற்கு அந்தப் பிரகடனமே முடிந்த முடிபான சான்றாகிவிடும். அதன் பிறகு வாதாட எஞ்சியிருப்பது பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான்.

தொகையைத் தீர்மானிக்கும் பாதை 7ஆம் பிரிவின் அறிவித்தலில் தொடங்குகிறது. காணியில் உரித்துள்ள ஒவ்வொருவரும் தமது உரித்து என்ன, எவ்வளவு நட்டஈடு கேட்கிறார், அந்தத் தொகையை எவ்வாறு கணக்கிட்டார் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பின்னர் பிரதேச செயலாளர், சுவீகரிக்கும் உத்தியோகத்தர் என்ற முறையில், 9ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடத்துவார். கணக்கைக் காட்டாமல் ஒரு பெருந்தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பவர், விலைமதிப்புத் திணைக்களம் போட்டுக்கொடுக்கும் தொகையை எதிர்க்கத் தம் கையில் எதுவும் இல்லாமல் அந்த விசாரணையில் நிற்கிறார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீளாய்வுச் சபைக்கும் அதற்கு மேலும் போகிற ஒவ்வொரு வழக்கின் அத்திவாரமும் இந்த முதல் கோரிக்கைக் கடிதம்தான். இறுதியில் 17ஆம் பிரிவின் கீழ் தொகை அறிவிக்கப்படும். அது போதாதென்று கருதினால், அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் காணி சுவீகரிப்பு மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் கம்பளை முகவரிக்குப் போய் அங்கே ஒரு மாதம் கிடந்தால் அந்த உரிமை போய்விடும். ஆகவே கொழும்பு முகவரியைப் பிரதேச செயலகத்தில் பதிவுத் தபால் மூலம் இன்றே கொடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவசரம் என்று காரணம் காட்டி 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தின் (பொது விதிக்கு விலக்களிக்கும் வாசகத்தின்) கீழ், தொகை தீர்மானிக்கப்படும் முன்பே காணியின் உடைமையை எடுத்துக்கொள்ள அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது. விதிவிலக்காக இருக்க வேண்டிய இந்த வழி, அணைக்கட்டின் வேலை அட்டவணையை முன்வைத்து எளிதாகப் பயன்படுத்தப்படக் கூடியது. அப்படி உடைமை எடுக்கப்பட்டால், எடுக்கப்பட்ட நாளிலிருந்து பணம் கொடுக்கப்படும் நாள்வரை வட்டி சேர வேண்டும் என்பதையும், உடைமை எடுத்த நாள் எது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: வயலுக்கு ஏக்கருக்கு இவ்வளவு, மேட்டுக் காணிக்குப் பேர்ச்சஸுக்கு இவ்வளவு என்று ஊர் முழுவதற்கும் ஒரே விலை போடுகிறார்களாம். எங்கள் தோட்டத்தில் என் மாமனார் நாற்பது ஆண்டு உழைத்து வளர்த்த மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குத் தனியாகக் கேட்க முடியுமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: கேட்க முடியும், கேட்க வேண்டும். சட்டத்தின் 45ஆம் பிரிவு சந்தைப் பெறுமதியை வரையறுக்கிறது: விற்க விரும்பும் ஒருவர், திறந்த சந்தையில், அந்தக் காணியைத் தனிக் காணியாக விற்றிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய தொகை. அந்தத் தொகை எந்த நாளுக்குரியது என்பதே பலர் கவனிக்காத விடயம். 7ஆம் பிரிவின் அறிவித்தல் வெளியான நாளின் பெறுமதியே கணக்கில் எடுக்கப்படும். பணம் கையில் கிடைக்கும் நாளின் பெறுமதி எடுக்கப்படுவதில்லை. இரண்டு நாட்களுக்கும் இடையில் ஆண்டுகள் கழிந்துவிடலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்திய திகதியில் விலை போடப்பட்டு, அதற்குப் பிந்திப் பணம் கிடைத்த ஒரு குடும்பம் அந்தத் தொகையைக் கொண்டு அதே அளவு வயலை வேறெங்கும் வாங்கியிருக்க முடியாது. வட்டி அந்த இடைவெளியை நிரப்பாது. நட்டஈடு நீருக்கு முன்னால் வர வேண்டும் என்று இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப நான் எழுதுவதற்கு இதுவே முதற் காரணம்.

மரங்களைப் பற்றிச் சொல்கிறேன். மலைநாட்டு வீட்டுத் தோட்டத்தை ஓர் அந்நியர் பார்த்தால் காடு போலத் தெரியும். அளவுநாடாவுடன் வருகிற உத்தியோகத்தருக்கும் சில வேளை அப்படியே தெரிகிறது. ஒரு கிளிரிசிடியா மரத்தில் ஏறிய மிளகுக் கொடியைப் பாருங்கள். நட்டு மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கி, பராமரித்தால் பல ஆண்டுகள் பலன் தரும். கொடி பட்டியலில் ஏறுகிறது. அது ஏறிய மரம் வேலிமரம் என்று விடுபட்டுப் போகிறது. மரமில்லாமல் கொடியில்லை என்பதை விசாரணையில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கராம்பும் சாதிக்காயும் முதற் காய்ப்புக்கு ஏழெட்டு ஆண்டுகள் எடுப்பவை. ஐந்து வயதுக் கராம்பு மரம் இன்று ஒரு ரூபாய்கூடத் தரவில்லை என்பதால் அதைப் பயனற்ற மரமாகக் கணக்கிடுவது நியாயமாகாது. அதன் பலன் முழுவதும் இனிமேல் வர இருந்தது. பலா, தென்னை, கமுகு, கித்துள் என்று இனம் இனமாக, வயது வயதாக, எண்ணி எழுதுங்கள். மரத்துக்கு மரம் இலக்கமிட்டுப் படமெடுங்கள். மிளகு, கராம்பு விற்ற கடைச் சிட்டைகள் இருந்தால் ஒன்றையும் எறிய வேண்டாம். வயல் என்றால் பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் விளைந்த நெல்லின் அளவையும், கல் அடுக்கிக் கட்டிய வரம்பையும், நீர் கொண்டுவரும் வாய்க்காலில் உங்களுக்குள்ள உரிமையையும் சேர்த்து எழுதுங்கள்.

சந்தைப் பெறுமதியோடு விடயம் முடிவதில்லை. 46ஆம் பிரிவின் கீழ், காணியின் ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டு மிகுதி துண்டாடப்படுவதால் வரும் நட்டம், எஞ்சிய காணி பாதிக்கப்படுவதால் வரும் நட்டம், குடியிருப்பையோ தொழிலையோ வேறிடத்துக்கு மாற்றும் செலவு ஆகியவற்றையும் கோரலாம். 2009ஆம் ஆண்டில் வெளியான ஒழுங்குவிதிகள் இத்தகைய இனங்களை மேலும் விரிவுபடுத்தின. உங்கள் கோரிக்கையில் ஒவ்வோர் இனத்தையும் தனித்தலைப்பாக எழுதித் தொகையைக் குறிப்பிடுங்கள். கோராத தொகையைத் தேடிவந்து கொடுப்பார் எவரும் இல்லை.

கேள்வி: காணி பாட்டனார் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் எட்டுப் பேர். மூவர் இறந்துவிட்டார்கள், இருவர் கனடாவில். பங்கு பிரிக்கவே இல்லை. நட்டஈட்டை யார் பெறுவது? (தெஹிவளை வாசகர்)

பதில்: பிரிபடாத பங்கும் உரித்துத்தான். சட்டத்தின் வரைவிலக்கணத்தில் கூட்டுச் சொந்தக்காரர் வெளிப்படையாகவே குறிப்பிடப்படுகிறார். ஆகவே ஒவ்வொரு வாரிசும் தமது பங்குக்குக் கோரிக்கை விடுக்கலாம். ஒருவர் மட்டும் முன்னின்று முழுக் காணிக்கும் கோரிவிட்டு, மற்றவர்கள் பின்னர் மறுத்தால், அங்கேதான் வில்லங்கம் தொடங்கும். உரித்துத் தகராறை 10ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்ப நேரும். தொகையும் மாவட்ட நீதிமன்றத்தில் வைப்பிலிடப்பட்டு வழக்கு முடியும்வரை அங்கேயே கிடக்கும். எனவே குடும்பமாக அமர்ந்து வம்சாவழிப் பட்டியல் ஒன்றை எழுதி, பிறப்பு, மரண அத்தாட்சிப் பத்திரங்களையும் காணிப் பதிவகத்தின் பிரதியையும் இணைத்து, எல்லோரும் ஒரே கணக்கைக் காட்டும் கோரிக்கைகளைக் கொடுங்கள். கனடாவில் உள்ளவர்கள் அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக அற்றோர்ணித் தத்துவம் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பலாம். மூத்த அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் ஒதுங்கியிருக்கும் வழக்கம் இந்த விடயத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: எங்கள் தகப்பனாருக்குச் சொந்தக் காணி இல்லை. இன்னொருவரின் வயலை அந்தே முறையில் (விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்கு) முப்பது ஆண்டு செய்தார். இப்போது அந்த வயல் திட்டத்துக்குள் போகிறது. சொந்தக்காரருக்கு நட்டஈடு, எங்களுக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இது சரியா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: சரியன்று. இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் என்னை அதிகம் வருத்தியதும் இதுதான்.

சுவீகரிப்புச் சட்டத்தில் "உரித்துள்ள ஆள்" என்பவர் யார் என்று ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. சொந்தக்காரர், கூட்டுச் சொந்தக்காரர், ஈடு பெற்றவர், குத்தகைக்காரர், வேறு விதத்தில் உரித்துடையவர், காணிமீது வழியுரிமை போன்ற சேவகவுரிமை உள்ளவர் ஆகிய எல்லோரும் அதில் அடங்குகிறார்கள். மாதவாடகைக் குடியிருப்பாளர் மட்டும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கிறார். அந்தே விவசாயி விலக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயற்காணியின் குத்தகை விவசாயிக்குச் சட்டப் பாதுகாப்பைத் தருகிறது. ஆகவே உங்கள் தகப்பனார் 7ஆம் பிரிவின் அறிவித்தலுக்குத் தமது சொந்தப் பெயரில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்குப் போய், விவசாயக் காணி இடாப்பில் அந்த வயலுக்கு எதிரே பயிரிடுபவராக அவரது பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றைப் பெறுங்கள். இல்லாவிட்டால் உரமானியம் பெற்ற பதிவு, கமக்காரர் அமைப்பின் உறுப்புரிமை, விளைச்சலில் பங்கு கொடுத்த சிட்டை, அயல் வயற்காரரின் சத்தியக் கடதாசி என்று கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள். இடாப்பில் பெயர் இல்லாமல் போனதற்கு, "பதிந்தால் காணியை எடுத்துவிடுவேன்" என்ற பழைய பயம்தான் பெரும்பாலான ஊர்களில் காரணம். உங்கள் தகப்பனாருக்கும் அப்படி நேர்ந்திருந்தால் அதையும் சத்தியக் கடதாசியில் எழுதத் தயங்க வேண்டாம்.

இன்னும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அங்கிருந்த கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் மேலே தெரிவதைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். தேயிலைத் தோட்ட லயன் அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் ஒரு பேர்ச்சஸுக்குக்கூடக் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் நிறைந்த பிரதேசம் அது. உறுதி இல்லாதவரைச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவருவது எளிதன்று. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2001 மே மாதத்தில் அமைச்சரவை, தன்விருப்பின்றிய மீள்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும், 20 குடும்பங்களோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும், இழந்ததை மீண்டும் பெறத் தேவையான முழுச் செலவும் கொடுக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. 150 மெகாவோட் கொள்ளளவுடன் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தில், தலவாக்கலைப் பகுதியில் வீடிழந்தவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மஸ்கெலியாவையும் தலவாக்கலையையும் பிரிக்கும் நாற்பது ஆண்டுகளில் நாம் முன்னேறியிருக்கிறோம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் அது கொள்கை. சட்டமாக இன்னும் ஆகவில்லை. கொள்கையை மீறினால் நேரடியாக வழக்காட முடியாத நிலை இருக்கும்வரை, உறுதி இல்லாதவரின் நட்டஈடு திட்ட அதிகாரியின் நல்லெண்ணத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கொழும்பில் அனுபவித்தோம். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் டொலர் இல்லை. மழைநீரில் கிடைக்கும் மின்சாரத்தைச் சில நூறு வயல்களுக்காகத் தாமதப்படுத்துவது நாட்டுக்கு நல்லதா? (பொரளை வாசகர்)

பதில்: மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நட்டஈடு கொடுப்பதால் எந்தத் திட்டமும் தாமதமாவதில்லை. கொடுக்காமல் தொடங்குவதால்தான் வழக்கும் மறியலும் வந்து தாமதமாகிறது. அணைக்கட்டின் கொங்கிறீட்டுக்குச் செலவிடுவது போல வயலுக்குச் செலவிடுவதும் அந்த மின்சாரத்தின் உற்பத்திச் செலவுதான். கொங்கிறீட் கொடுத்தவருக்குத் தவணை தவறாமல் பணம் போகிறது. வயலைக் கொடுத்தவர் ஐந்து ஆண்டு காத்திருந்தால், அந்த ஐந்து ஆண்டும் அவர் கொழும்பில் மின்விசிறி போடுகிற எனக்கும் உங்களுக்கும் தாம் விரும்பாத கடனைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அணைக்கட்டுகள் பற்றிய உலக ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் உலகெங்கும் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடியிலிருந்து 8 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்? பல நாடுகள் அவர்களை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை என்பதுதான் காரணம். "சில நூறு வயல்கள்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயலில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதை முந்திய கேள்வியை எழுதிய வாசகரிடம் கேட்டால் சொல்வார்.

கேள்வி: பண்டாரவளையில் எங்கள் அக்காவின் காணியை எவரும் எடுக்கவில்லை. ஆனால் சுரங்கம் தோண்டிய காலத்தில் கிணறு வற்றிப் போனது, சுவரும் வெடித்தது. காணி எடுக்கப்படாதவருக்கு நட்டஈடு உண்டா? (கிருலப்பனை வாசகி)

பதில்: சுவீகரிப்புச் சட்டம் இங்கே உதவாது, எடுக்கப்பட்ட காணிக்கும் அதன் எஞ்சிய பகுதிக்கும் மட்டுமே அது பேசுகிறது. உமாஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014இன் இறுதியில் நிலத்தடி நீர் பாயத் தொடங்கியதும், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததும், 2017இல் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு இறங்கியதும் நாடறிந்தவை. 120 மெகாவோட் உற்பத்தி செய்யும் அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. திட்டம் முடிந்ததால் பாதிப்பும் முடிந்துவிட்டது என்று கோப்பை மூட விடக் கூடாது. இத்தகைய நட்டங்களுக்குத் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் நட்டஈட்டுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்த சான்று அக்காவிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுவதானால், தீங்கு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்பது காலவிதிப்புச் சட்டத்தின் கட்டுப்பாடு; வெடிப்பு இன்னும் விரிந்துகொண்டே போகிறதானால் அந்தக் காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் தாமதிக்காமல் கேளுங்கள். வேறு சுரங்கத் திட்டங்களுக்கு அருகில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வேலை தொடங்கும் முன்பே கிணற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து, கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்துடன் பதிந்து வையுங்கள். பின்னால் "கிணறு முன்பும் வற்றத்தான் செய்தது" என்று சொல்வார்களானால் காட்டுவதற்கு வேறெதுவும் இருக்காது.

கேள்வி: பணம் வேண்டாம், காணிக்குக் காணி தாருங்கள் என்று கேட்கலாமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: கேட்கலாம். தேசியக் கொள்கையும் காணிக்குக் காணி என்ற தெரிவை ஏற்கிறது. விவசாயக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே நல்ல வழி என்பது எனது கருத்து. கைக்கு வந்த ரொக்கம் கலியாணத்துக்கும் கடனுக்கும் போனபின் உழுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் எந்தக் காணி, எந்த உரித்தில் என்று பார்த்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

1980களில் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களுக்காக வெளியேறிய பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போயின. அங்கே ஒரு குடும்பத்துக்கு 2.5 ஏக்கர் நீர்ப்பாசன வயலும் அரை ஏக்கர் குடியிருப்புக் காணியும் என்பது நியமம். கடதாசியில் பார்த்தால் மலைச்சரிவில் அரை ஏக்கர் வைத்திருந்தவருக்கு அது இலாபம். ஆனால் ஓடை நீரில் படிவயல் செய்த கைகள், வறண்ட வலயத்தில் வாய்க்கால் முறை வரும்வரை காத்திருந்து செய்யும் விவசாயத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் உரித்தில் நேர்ந்தது. உறுதிக் காணியைக் கொடுத்தவர் அரசின் அனுமதிப்பத்திரத்தில் மட்டும் தரப்படும் காணியைப் பெற்றால், அவர் நினைத்தபடி அதை விற்கவோ ஈடு வைக்கவோ பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவோ முடியாது. இத்தகைய காணி உரியவருக்குப் பின் யாருக்குப் போகும் என்று கூறும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து அட்டவணையில் 2022ஆம் ஆண்டின் திருத்தம்வரை மகன்களுக்கே முதலிடம் இருந்தது. மலைநாட்டில் தாய்வழிச் சீதனமாக வந்த வயலைக் கொடுத்துவிட்டு, கணவரின் பெயரில் மட்டும் அனுமதிப்பத்திரம் பெற்ற ஒரு பெண் எதை இழந்தார் என்பதை எந்த விலைமதிப்பு அறிக்கையும் சொல்லாது. ஆகவே உறுதிக்கு உறுதியே கேளுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கேளுங்கள். காணியைப் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் நேரில் போய்ப் பாருங்கள். மாற்றுக் காணி வேறொரு தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்படுவதானால், அங்கே நாட்சம்பளத்துக்கு உழைப்பவர்களின் நிலை என்னாகிறது என்றும் கேளுங்கள். ஒருவரின் இழப்பை ஈடுசெய்ய இன்னொருவரை வேலையற்றவராக்குவது மீள்குடியேற்றம் ஆகாது.

பிற நாடுகள் இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கின்றன. சீனா, நீர்த்தேக்கங்களால் இடம்பெயர்ந்த கிராமத்தவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுதோறும் 600 யுவான் வீதம் 20 ஆண்டுகளுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை 2006இல் கொண்டுவந்தது. இந்தியாவின் 2008ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் திட்டம் இயங்கத் தொடங்கியதிலிருந்து 10 ஆண்டுகளுக்கு மாதம் 100 அலகு மின்சாரம் என்று வகுத்தது. அணைக்கட்டு ஒவ்வொரு நாளும் சம்பாதிக்கிறது. வயலைக் கொடுத்தவருக்கு ஒரே நாளில் கணக்கு முடிக்கப்படுகிறது. எமது நாட்டிலும் மின்பட்டியலில் ஒரு சிறு பங்கு அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இதை அரசியல்வாதிகளிடம் கேட்பதற்கு மலைநாட்டு வாசகர்களைவிடக் கொழும்பு வாசகர்களுக்கே கூடுதலான கடமை இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஒரு ஏக்கரில் முக்கால் ஏக்கர் நீருக்குள் போகிறது. மேலே நாற்பது பேர்ச்சஸ் மிஞ்சும். ஆனால் பாதை நீருக்குள் போய்விடும். அந்தத் துண்டை என்ன செய்வது? (வத்தளை வாசகர்)

பதில்: பாதையில்லாத துண்டு காணி உங்களுக்கும் பயன்படாது, வாங்குவதற்கும் ஆள் வராது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்தத் துண்டையும் சேர்த்து எடுக்கும்படி இப்போதே எழுத்தில் கேட்பது. மற்றது, துண்டாடப்பட்டதால் வரும் நட்டத்தை 46ஆம் பிரிவின் கீழ் தனித்தலைப்பாகக் கோரி, மாற்றுப் பாதை ஒன்றைத் திட்டத்தின் செலவில் அமைக்கும்படி கேட்பது. நில அளவையாளர் எல்லைக் கற்களை நாட்டும் நாளில் நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ அங்கே நின்று, உயர் நீர்மட்டக் கோடு எங்கே ஓடுகிறது, கரையோர ஒதுக்குக் காணி எவ்வளவு என்று கேட்டு வரைபடத்தின் பிரதியைப் பெறுங்கள். ஒதுக்குக் காணியும் அந்த நாற்பது பேர்ச்சஸுக்குள் அடங்குமானால் முதலாவது வழியையே தெரிவுசெய்யுங்கள்.